சின்ன கிரிட்டை யார் தாங்குவது? மூன்று கட்டுப்பாட்டு முறைகள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் எய்க் என்று ஒரு தீவு. ஏறத்தாழ நூறு பேர்தான் வசிக்கிறார்கள். 2008 பிப்ரவரியில் தங்களுக்கென்று ஒரு மின்கட்டமைப்பை அமைத்துக்கொண்டார்கள்: நீர், காற்று, சூரிய ஒளி, பேட்டரி, கைகொடுக்க டீசல். பெரிய கிரிட்டின் துணை கிடையாது. மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸை அங்குள்ள கருவிகளே பிடித்துவைக்க வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்தில், பேட்டரி, சோலார் தரும் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் பல இன்வெர்ட்டர்களைச் சேர்ந்து இழுக்க வைப்பது எப்படி?

முதல் வழி, ஒரு தலைமை இன்வெர்ட்டர். மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் அதுவே தரும். மற்றவை அதன் பின்னே கரண்ட் மட்டும் கொடுக்கும். எல்லாம் ஒரே அறையில் இருந்தால் இதுவே போதும். தலைமை விழுந்தால் ஊரே இருண்டுவிடும் என்பதால், பரந்து கிடக்கும் கிரிட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது ட்ரூப். சுமை கூடக் கூட ஒவ்வோர் இன்வெர்ட்டரும் தன் அதிர்வெண்ணைச் சற்றுக் குறைத்துக்கொள்ளும். முழுச் சுமையில் 0.5 ஹெர்ட்ஸ் இறங்கும்படி 10 கிலோவாட்டும் 5 கிலோவாட்டுமாக இரண்டை வைத்தால், 12 கிலோவாட் சுமைக்கு இரண்டும் 49.6-இல் நிற்கும், 8, 4 என்று தாமாகவே பிரித்துக்கொள்ளும். நடுவில் தகவல் கம்பியே வேண்டாம், அதிர்வெண்ணே சேதி சொல்லிவிடுகிறது. இந்த எளிமை எனக்கு இன்றும் வியப்புதான். எய்க்கிலும் அதிர்வெண்தான் தூது போகிறது: பேட்டரி நிரம்பினால் அது ஏறும், பொதுக் கட்டடங்களின் ஹீட்டர்கள் இயங்கத் தொடங்கும்.

குறையும் உண்டு. அதிர்வெண் கிரிட் முழுக்க ஒன்றே. மின்னழுத்தம் இடத்துக்கு இடம் மாறும். அதனால் கிலோவாட் சரியாகப் பங்காகும், வேலை எதுவும் செய்யாமல் லைனில் முன்னும் பின்னும் போய்வரும் ரியாக்டிவ் பவர் சரியாகப் பங்காகாது. அதைவிடப் பெரிய சிக்கல் கேபிளில் இருக்கிறது. ட்ரூப்பின் கணக்கு, உயரழுத்த லைனைப் போலத் தூண்டல் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் குணம்) மிகுந்த பாதையை எதிர்பார்க்கிறது. தாழ்வழுத்த லைனிலோ கிலோமீட்டருக்கு மின்தடை 0.64 ஓம், தூண்டல் மறிப்பு 0.08 ஓம் அளவில்தான் இருக்கும். அங்கே கிலோவாட்டும் ரியாக்டிவ் பவரும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இன்வெர்ட்டரின் மென்பொருளில் ஒரு மெய்நிகர் தூண்டலைச் சேர்த்து இதைச் சமாளிக்கிறார்கள்.

மூன்றாவது, மெய்நிகர் ஜெனரேட்டர். சுழலும் இயந்திரத்தின் சமன்பாட்டை இன்வெர்ட்டருக்குள் ஓடவிட்டு, இல்லாத சக்கரத்துக்கு ஒரு நிலைமம், அதாவது வேகம் மாறுவதை எதிர்க்கும் குணம், கொடுப்பது. டீசலோடு இணைந்து ஓடும்போது அதிர்வெண் சட்டென்று சரியாமல் இது காக்கும். சரி, அப்படியானால் இதுதான் சிறந்ததா? பொறுங்கள். ட்ரூப்பில் பவரை அளக்கும் இடத்தில், அளவின் வேகமான ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்த ஒரு வடிகட்டி போடுவார்கள். அதைச் சேர்த்து எழுதிப் பாருங்கள், இரண்டின் அடிப்படைச் சமன்பாடும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். வடிகட்டியின் தாமதமே நிலைமமாக நிற்கும். ஆகவே இவை இரண்டையும் எதிரிகளாக நிறுத்துவது பெரும்பாலும் பெயர்ச் சண்டை. நிலைமத்தைக் கூட்டினால் பவர் ஊசலாட்டமும் கூடும். இயந்திரம் தாங்கும் மிகைக் கரண்டை இன்வெர்ட்டரின் ட்ரான்சிஸ்டர் தாங்காது.

என் தேர்வு ட்ரூப், மெய்நிகர் தூண்டலோடு. டீசல் நெடுநேரம் ஓடும் ஊரென்றால் நிலைமத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.

எதை எடுத்தாலும், கிரிட்டைக் கணக்கிட்டுப் பார்க்கும் மாடலில் லைனின் கரண்டில் வரும் வேக மாற்றங்களை விட்டுவிடாதீர்கள். பெரிய கிரிட்டில் கனத்த ஜெனரேட்டர்கள் மெதுவாக அசைவதால் லைனை நிலையானதாகக் கொள்ளலாம். இன்வெர்ட்டர்களோ வேகமானவை. ட்ரூப்பின் சரிவை, அதாவது சுமைக்கேற்ப அதிர்வெண் இறங்கும் அளவைக் கூட்டினால் பங்கீடு சீராகும், ஓர் எல்லைக்கு மேல் கிரிட் ஆடத் தொடங்கும். லைனை எளிமையாக்கிய மாடல் அந்த எல்லையை உண்மையில் உள்ளதைவிடத் தள்ளிக் காட்டிவிடக்கூடும்.