தி சவுண்ட் பேரியர் (1952): காது கொடுத்துப் பார்க்க வேண்டிய படம்

போர்க்கால இங்கிலாந்தின் வெள்ளைப் பாறைக் கடலோரம், மேகத்துக்கு மேலே ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானம். ஓட்டுகிறவன் குஷியில் டைவ் அடிக்கிறான். வேகம் கூடக் கூட விமானம் வெடவெடவென்று நடுங்குகிறது, மூக்கை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டு ஸ்டிக்கைப் பிடித்து இழுத்தால் அசைய மாட்டேன் என்கிறது. எப்படியோ தப்பித்துவிடுகிறான். முகத்தில் இருந்த குஷி மட்டும் போயே போய்விடுகிறது. இயக்குநர் டேவிட் லீன் இப்படித்தான் படத்தை ஆரம்பிக்கிறார், எனக்கு அந்த இடத்திலேயே படம் பிடித்துவிட்டது.

கதை என்று பார்த்தால், விமானம் தயாரிக்கும் முதலாளி ஜான் ரிட்ஜ்ஃபீல்டுக்கு ஒலியின் வேகத்தைத் தாண்டியே ஆக வேண்டும் என்ற வெறி. பறக்கவே பயப்படும் மகன், அப்பாவுக்காக முதல் முறை தனியாகப் பறக்கப்போய் இறந்துபோகிறான். அப்புறம் மருமகன் டோனி சோதனை விமானியாக வருகிறான். நடுவில் மாட்டிக்கொண்டு தவிப்பது மகள் சூசன்தான். ரிட்ஜ்ஃபீல்டாக வரும் ரால்ஃப் ரிச்சர்ட்சன் குரலை உயர்த்தவே மாட்டார். ஒரு கொட்டகையில் புது ஜெட் எஞ்சினை ஓடவிட்டு, மகளையும் மருமகனையும் கேட்கச் சொல்லும்போது அந்த மனிதருக்குக் கோயிலில் நிற்கிற பரவசம். இரண்டு சாவுகளுக்குப் பிறகும் நிறுத்தாத இந்த ஆளை வெறுக்க வேண்டும் என்றுதான் தோன்றும், ஆனால் கடைசிச் சோதனையின்போது தான் நினைத்ததே தப்போ என்ற பயம் அவருக்குள்ளிருந்து வெளியே வருகிறதே, அங்கே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இந்தப் படத்தில் சத்தத்தைக் கவனியுங்கள். மேலே என்ன நடக்கிறது என்று கீழே இருப்பவர்களுக்குக் கண்ணால் தெரியாது, ஒலிபெருக்கியில் வரும் விமானியின் குரல் மட்டும்தான். அந்தக் குரல் வந்துகொண்டிருக்கும் வரை உயிர் இருக்கிறது, அவ்வளவுதான். சிறந்த ஒலிப்பதிவுக்கான ஆஸ்கர் கிடைத்ததில் ஆச்சரியமே இல்லை. போனில் ஓரமாக ஓடவிட்டுப் பார்த்தால் பாதிப் படம் போச்சு, நல்ல ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள்.

அறிவியல் சில இடங்களில் சறுக்குகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். டைவில் ஸ்டிக்கை இழுப்பதற்குப் பதிலாக முன்னே தள்ளினால் விமானம் மேலே வரும் என்று காட்டுகிறார்கள். நிஜத்தில் அது வழியே இல்லை. ஒலி வேகத்தை நெருங்கும்போது உருவாகும் அதிர்ச்சி அலைகளால் விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்க வாலில் உள்ள எலிவேட்டர் என்ற மடிப்புப் பலகை செயலிழந்துவிடும், அதைச் சமாளிக்க வாலின் கிடைப் பரப்பு முழுவதையுமே அசைய வைத்தார்கள். 1947 அக்டோபர் 14 அன்று அமெரிக்க விமானி சக் யேகர் பெல் எக்ஸ்-1 என்ற ராக்கெட் விமானத்தில் ஒலித் தடையைத் தாண்டியது அப்படித்தான். அமெரிக்கர்கள் ஐந்து வருடம் முன்பே முடித்த வேலையை இந்தப் படம் பிரிட்டிஷார் முதலில் செய்ததாகக் காட்டுவது எனக்கு உறுத்தியது. திரைக்கதை எழுதிய டெரன்ஸ் ராட்டிகன் நாடகக்காரர் என்பதால் வீட்டுக்குள் நடக்கும் பேச்சுகளில் மேடை வாடையும் கொஞ்சம் அடிக்கிறது.

ஆனால் பயம் பொய்யில்லை. விமான நிறுவன அதிபரின் மகன் ஜெஃப்ரி டி ஹாவிலாண்ட் 1946 செப்டம்பரில் அதிவேகச் சோதனை விமானத்திலேயே இறந்தவர், அந்த நிழல் படம் முழுக்க இருக்கிறது. படம் வெளியானது 1952 ஜூலையில். அதே வருடம் செப்டம்பர் 6 அன்று ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சியில், பிரிட்டனில் ஒலி வேகத்தை முதலில் தாண்டிய ஜான் டெரியின் விமானம் வானத்திலேயே சிதறி, அவரும் உடன் பறந்தவரும் கீழே நின்ற 29 பேரும் இறந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு இரண்டாம் முறை பார்த்தேன். டோனி காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் சாதாரணக் காட்சிகளைக்கூட நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை.