டாப் ஓவர்ஹால் செய்த பழைய செஸ்னா: முன்பணம் கொடுக்குமுன் படியுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 4 பேர் கூட்டாகக் காசு போட்டு ஒரு பழைய செஸ்னா 172 (நாலு பேர் உட்காரும் சிறிய விமானம்) வாங்கி ஏமாந்திருக்கிறார்கள். "இன்ஜின் ஓவர்ஹால் பண்ணி 200 மணி நேரம்தான் ஓடியிருக்கு தம்பி" என்பது விற்றவரின் பேச்சு. ஓவர்ஹால் என்றால் இன்ஜினை முழுதும் பிரித்துப் புதுப்பிப்பது. பணம் கைமாறிய பிறகு லாக்புக்கை (விமானத்தின் ஓட்ட, பராமரிப்புப் பதிவேடு) பக்கம் பக்கமாகப் புரட்டியதில்தான் விஷயம் தெரிந்தது. மாற்றியது சிலிண்டர்களை மட்டும், அதாவது டாப் ஓவர்ஹால். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), பேரிங் எல்லாம் 1,900 மணி நேரம் ஓடிய பழசு.

அந்த லைகமிங் ஓ-320 இன்ஜினுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஓவர்ஹால் கெடு 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டு, எது முந்துகிறதோ அது. டாப் ஓவர்ஹால் செய்தால் இந்தக் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பாது. முழு ஓவர்ஹால் செலவோ மலிவு விமானத்தின் விலையையே எட்டிவிடும்.

மணிக்கணக்கைவிட மோசமான சங்கதி, விமானம் 3 வருடம் பறக்காமல் நின்றது. லைகமிங்கில் கேம் ஷாஃப்ட் கிராங்குக்கு மேலே இருக்கிறது. இன்ஜின் நின்றால் எண்ணெய் கீழே வடிந்துவிடும், கேமும், அது தள்ளும் டேப்பெட்டும் காய்ந்து கிடக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் அந்த வழவழப்பான முகத்தில் துரு புள்ளி வைக்கும். மறுபடி ஓடும்போது புள்ளி விழுந்த இடம் உதிர்ந்து கேமைத் தின்றுவிடும். விற்றவர் வாரம் 10 நிமிடம் தரையிலேயே ஸ்டார்ட் பண்ணி வைத்தாராம். அது இன்னும் கெடுதல். எண்ணெய் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி அரை மணி நேரமாவது பறந்தால்தான் உள்ளே சேர்ந்த நீர் ஆவியாகும். வாரம் தவறாமல் பறந்த 1,900 மணி இன்ஜினை, சும்மா கிடந்த 600 மணி இன்ஜினைவிட நம்பலாம்.

விற்றவர் காட்டிய கம்ப்ரெஷன் (சிலிண்டர் காற்றழுத்தத்தைத் தாங்குகிறதா என்ற சோதனை) தாளில் 80க்கு 76, 77 என்று இருந்தது. அது பொய்யில்லை, புது சிலிண்டர் அப்படித்தான் காட்டும். மூடிய வால்விலோ பிஸ்டன் வளையத்திலோ காற்று கசிகிறதா என்பதை மட்டுமே அந்தச் சோதனை சொல்லும். கேம் தேய்ந்தால் குறைவது வால்வின் திறப்பு. வால்வுகளுக்கு மேலுள்ள ராக்கர் மூடிகளைக் கழற்றி, டயல் கேஜ் என்ற அளவுமானி வைத்து ஒவ்வொரு வால்வின் லிஃப்டையும் (எவ்வளவு திறக்கிறது என்பதை) அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஹைட்ராலிக் டேப்பெட்டில் எண்ணெய் நிற்பதும் வடிவதும் அளவைக் குழப்பும், ஆகவே லைகமிங் பழகிய இன்ஜினியர்தான் செய்யவேண்டும்.

எண்ணெய் ஃபில்டரை வெட்டி, மடிப்புத் தாளை விரித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுக்கும் துணுக்கு காந்தத்தில் ஒட்டினால் எஃகு, பெரும்பாலும் கேம், டேப்பெட். ஒட்டாத வெள்ளைத் துணுக்கு அலுமினியமாக இருந்தால் பிஸ்டன் பக்கம் தேடவேண்டும். விற்பதற்கு முதல் நாள் எண்ணெய் மாற்றிவிடுவது பழைய தந்திரம், புது ஃபில்டர் சுத்தமாகத்தான் இருக்கும். இவர்களுக்கும் அதுதான் நடந்தது. வாங்கிய பிறகு வந்த முதல் எண்ணெய் மாற்றத்தில் மடிப்பெல்லாம் எஃகுத் துணுக்கு. எனவே சில மணி நேரம் பறந்த பிறகு வெட்டுங்கள். கூடவே இன்ஜின் எண்ணெய் குடிப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 150 குதிரைத்திறன் இன்ஜினுக்கு மணிக்கு சுமார் அரை குவார்ட் (ஏறக்குறைய அரை லிட்டர்) என்பதே உச்ச வரம்பு.

இன்ஜின் ஓடிய மணி காட்டும் டாக்கோமீட்டரை மாற்றியிருந்தால் பழைய மீட்டரின் கடைசி எண் லாக்புக்கில் இருக்கவேண்டும். புரொப்பெல்லர் புதுசாக இருந்தால் பழசு ஏன் போனது என்று கேளுங்கள். தரையில் அடித்திருந்தால் இன்ஜினைப் பிரித்துப் பார்த்த பதிவு இல்லாமல் தொடாதீர்கள்.

இன்ஜினியரை நீங்களே பிடியுங்கள், விற்பவர் கைகாட்டும் ஆள் வேண்டாம். முன்பணம் கொடுத்தால், பரிசோதனையில் குறை தெரிந்தால் முழுதும் திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டுப் பதிவு விமானம் என்றால், இங்கே பதிய என்னென்ன வேண்டும் என்று மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். லாக்புக்கில் ஒன்று தொலைந்துவிட்டது என்று சொன்னால், விலை எவ்வளவு இறங்கினாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.