லண்டன் பட்டயமா, அமெரிக்க உறுப்பினர் அட்டையா?

புவியியல் படித்து வேலைக்கு வந்தவர் எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டலாம் என்று கேட்டால், பேச்சு பெரும்பாலும் இரண்டு பெயரில் வந்து நிற்கும்: லண்டனின் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி, அமெரிக்காவின் ஏ.ஏ.ஜி. எனும் புவியியலாளர் சங்கம். இதழ், ஆண்டு மாநாடு, மாணவர் சலுகை எல்லாம் இரண்டிலும் உண்டு, அதை விட்டுவிடலாம். நான் சேர்ந்தது லண்டனில். என் சாய்வை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

இரண்டுமே உடைந்து ஒட்டியவை. 1830-ல் தொடங்கிய லண்டன் சங்கம் பயணிகளைக் கொண்டாடியது. ஆய்வுக் கட்டுரைக்கு அங்கே இடம் போதாமல் பல்கலைக்கழக ஆட்கள் 1933-ல் தனிக்கடை போட்டார்கள். 1995-ல்தான் திரும்பச் சேர்ந்தார்கள். 1904-ல் பிறந்த ஏ.ஏ.ஜி.யில் பிரச்சினை வேறு மாதிரி. சொந்த ஆய்வைக் காட்டியவருக்கே கதவு திறந்தது. வெளியே நின்ற இளையவர்கள் 1943-ல் ஒரு சங்கம் தொடங்க, 1948-ல் இரண்டும் ஒன்றாயின. இன்று ஏ.ஏ.ஜி.யின் கதவு அகலம்: வருமானத்துக்கு ஏற்ற சந்தா, துறைவாரியான சிறு குழுக்கள், கட்டுரைச் சுருக்கம் அனுப்பியவருக்கு மாநாட்டில் பேச இடம். முனைவர் பட்ட மாணவருக்கு இதைவிட நல்ல சந்தை இல்லை.

ஆனால் உறுப்பினர் என்பது தொழில் தகுதி ஆகாது. லண்டனிலும் இந்தக் குழப்பம் உண்டு. பெயருக்குப் பின்னால் எஃப்.ஆர்.ஜி.எஸ். போட்டால் ஃபெல்லோ என்று பொருள், அவ்வளவுதான். மலையேறியும் பயண எழுத்தாளரும்கூடப் போடலாம். வாடிக்கையாளரிடம் எடை உள்ள தகுதி 2002-ல் வந்த சார்டர்டு ஜியாகிரஃபர் பட்டயம். படிப்பு, பல ஆண்டு அனுபவம், செய்த வேலை பற்றிய அறிக்கை, பரிந்துரை எல்லாவற்றையும் துறைக்காரர்களே பார்த்துத் தருவது. அறிக்கை பெரும்பாலும் சறுக்குவது ‘நாங்கள் செய்தோம்’ என்ற வரியில். குழுவில் நீங்கள் எடுத்த முடிவு எது என்பதே கேள்வி.

தீர்மானிப்பது பராமரிப்புதான். பட்டயம் ஒருமுறை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுவதல்ல. ஃபெல்லோ சந்தாவைத் தொடர வேண்டும், சி.பி.டி. எனும் தொழில் வளர்ச்சிப் பதிவை ஆண்டுதோறும் காட்ட வேண்டும். பலர் இதைக் கடைசி வாரத்தில் நாட்குறிப்பைப் புரட்டி நிரப்புகிறார்கள். லேசர் கதிரால் நிலத்தின் உயரத்தை அளக்கும் லைடார் பற்றி ‘லைடார் பயிற்சி, 6 மணி நேரம்’ என்று ஒரு வரி. அதில் கற்றது எதுவும் தெரியாது. இப்படி இருக்கட்டும்: ‘1 மீட்டர் லைடார் தரவில் பாலத்தை நீக்காமல் வெள்ள மாதிரியை ஓட்டினால், பாலம் அணைபோல நின்று மேல்பக்கம் பொய்யாக நீர் தேங்கிக் காட்டும் என்று அறிந்தேன். அடுத்த வேலையில் பாலத்துக்குக் கீழே ஓடையின் தடத்தை வெட்டிவிட்டு ஓட்டினேன், தேக்கம் போய்விட்டது.’ இரண்டு வாக்கியம்தான், ஆனால் கற்றதும் அதைப் பயன்படுத்தியதும் ஒரே பதிவில் இருக்கின்றன. வேலை முடிந்த அன்றே எழுதினால் பத்து நிமிடம். டிசம்பரில் உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், எந்தப் பாலம் என்பதும் மறந்திருக்கும்.

இந்தத் தொல்லைதான் பட்டயத்துக்கு மதிப்பு. சந்தா மட்டும் கட்டினால் நிலைக்கும் பெயரில், பத்தாண்டுக்கு முன் மென்பொருளைத் தொட்டவரையும் நேற்று தொட்டவரையும் பிரித்தறிய முடியாது.

ஏ.ஏ.ஜி. தன் பெயரில் இப்படி ஒரு பட்டயம் தருவதில்லை. அமெரிக்காவில் ஜி.ஐ.எஸ். எனும் கணினி வழி வரைபட, இடத்தரவு வேலைகளில் கேட்கப்படுவது ஜி.ஐ.எஸ்.பி. எனும் சான்றிதழ்; அதைத் தருவது வேறொரு நிறுவனம். 4 ஆண்டு அனுபவம், 2015 முதல் தேர்வு, 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. மாநில, மாவட்ட அலுவலக வேலைக்குப் போகிறவர் லண்டன் பட்டயத்தை நம்பி இதை விட வேண்டாம். அந்தச் சந்தையில் என் சொல்லுக்கு எடை குறைவு. கல்லூரி ஆசிரியர் வேலைக்குப் பட்டயம், ஜி.ஐ.எஸ்.பி. இரண்டுமே பெரிதாக உதவாது, கட்டுரைகள்தான் பேசும்.

இரண்டையும் வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு ஒன்று: பதிவேடு ஒன்றே போதும். தேதி, மணி நேரம், கற்றது, பயன்படுத்திய இடம் என்று நான்கு நெடுவரிசை உள்ள ஒரு எக்செல் தாள் திறந்து, பயிற்சிச் சான்றிதழ்களைத் தேதி வாரியாகப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.