மலைத் தோட்டத்துக்கு எது: காட்டுப் பூவரசா, அசேலியாவா?

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு வரும் குழப்பம்தான் இது. நர்சரியில் இலையே தெரியாத அளவுக்குப் பூத்து நிற்கும் அசேலியாவை வாங்கி வைப்பதா, இல்லை இந்த மலையிலேயே பிறந்த காட்டுப் பூவரசை, அதாவது நீலகிரி ரோடோடெண்ட்ரானை வளர்ப்பதா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இடமும் பொறுமையும் இருந்தால் காட்டுப் பூவரசுதான்.

சொந்தம் என்று பார்த்தால் இரண்டும் ஒரே பேரினம். லின்னேயஸ் 1753-ல் மகரந்தத் தாள் ஐந்து இருந்தால் அசேலியா, பத்து இருந்தால் ரோடோடெண்ட்ரான் என்று பிரித்து வைத்தார், பின்னால் வந்தவர்கள் சேர்த்துவிட்டார்கள். ஆனால் நம் நர்சரிகளில் கிடைக்கும் அசேலியா பெரும்பாலும் சீன, ஜப்பானிய இனங்களிலிருந்து கலப்பில் உருவாக்கப்பட்டது. காட்டுப் பூவரசுக்கோ நீலகிரி, பழனிமலை, ஆனைமலை உச்சிகள்தான் வீடு. இதே இனத்தின் இமயமலை வகை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே உத்தராகண்டின் மாநில மரமாக இருக்கிறது, இன்னொரு துணையினம் இலங்கையில் மலைமேல் இருக்கும் ஹோர்ட்டன் சமவெளியில் பூக்கிறது. நடுவில் இருக்கும் சமவெளி முழுக்க இது கிடையாது.

ஜனவரி, பிப்ரவரியில் நீலகிரியின் அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் போனால் புல்வெளி பனியில் காய்ந்து பழுப்பாகக் கிடக்கும். அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, காற்றில் வளைந்து முறுக்கிக்கொண்டு குட்டையாக நிற்கும் மரங்களில் ரத்தச் சிவப்பில் பூக்கொத்து. உறைபனியும் அவ்வப்போது வரும் காட்டுத்தீயும் மற்ற மரக்கன்றுகளைப் புல்வெளியில் தலையெடுக்க விடுவதில்லை, இந்த மரம் மட்டும் தடித்த பட்டையின் துணையில் தாக்குப்பிடிக்கிறது. இலையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் துருப்பிடித்த நிறத்தில் மெத்தென்று ரோமம் இருக்கும். பூ மணி வடிவம், உள்ளே அடிப்பக்கத்தில் கருஞ்சிவப்பாகத் தேன்குழிகள். தேன்சிட்டும் வெள்ளைக்கண்ணியும் முகத்தில் மகரந்தத்தை அப்பிக்கொண்டு கொத்துக்குக் கொத்து தாவுவது அந்தத் தேனுக்காகத்தான், மலையில் வேறு பூ அதிகம் இல்லாத மாதங்கள் அவை.

அசேலியா இந்த விஷயத்தில் பக்கத்தில் வர முடியாது. அதுவும் அடுக்குப் பூ வகைகளில் மகரந்தத் தாள்களே இதழாக மாறிவிடுவதால் பறவைக்கும் தேனீக்கும் அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது. பறவைகளை நினைத்துத்தான் தோட்டம் போடுகிறீர்கள் என்றால் விஷயம் இத்தோடு முடிந்தது.

சரி, வளர்ப்பு? இதில் அசேலியாதான் முந்துகிறது, மறுக்கவே முடியாது. பாதி முற்றிய குச்சியை வெட்டி வைத்தால் வேர் விடும், இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும், தொட்டியில் அடங்கும், கவாத்து செய்து உயரத்தைக் கட்டுப்படுத்தலாம். காட்டுப் பூவரசைக் குச்சியில் வேர் பிடிக்க வைப்பது பெரும்பாடு, விதைதான் வழி. விதை தூள் மாதிரி இருக்கும், மண்ணைப் போட்டு மூடாமல் ஈரமான பாசியின் மேல் தூவி வெயில் நேரடியாகப் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் பூவுக்குப் பத்து வருடம்கூட ஆகலாம். அந்தக் காத்திருப்புக்குத் தயாரில்லாதவர்கள் அசேலியா வைப்பதில் தப்பே இல்லை, வாசல் ஓரத்துக்கும் சின்ன முற்றத்துக்கும் அது நல்ல செடி. வாங்கும்போது ஒற்றை இதழ் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

மண் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே குணம். புளிப்பு மண் வேண்டும், சுண்ணாம்பு ஆகவே ஆகாது. புதுக் கட்டடத்தின் சிமெண்ட் சுவர் ஓரத்திலோ, உப்புத்தண்ணீர் போர் இருக்கும் இடத்திலோ வைத்தால் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து இலை மஞ்சளாகிவிடும். வேர் மேலாகவே பரவும் என்பதால் ஆழமாகப் புதைக்காதீர்கள், அடியில் கொத்தவும் வேண்டாம், இலைச் சருகைப் பரப்பி விட்டால் போதும். அப்புறம், இரண்டின் இலையிலும் நஞ்சு உண்டு. ஆடு வளர்க்கிற வீடு என்றால் வேலி போட்டுவிடுங்கள்.

தயவுசெய்து செய்யக்கூடாத ஒன்று: காட்டிலிருந்து கன்றைப் பிடுங்கி வருவது. காப்புக்காட்டில் அது குற்றம். அதுவும் தவிர, மண்ணோடு இருக்கும் நுண்ணிய பூஞ்சையோடு சேர்ந்து வாழும் வேர் அது, பறித்ததும் அறுந்துவிடும், பெரும்பாலும் கன்று பிழைக்காது. ஏற்கெனவே வெளிநாட்டிலிருந்து வந்த சீகை மரமும் (வாட்டில்) யூகலிப்டஸும் பைனும் புல்வெளியை விழுங்கியதில் இந்த மரத்துக்கு நிற்க இடம் குறைந்துபோய்விட்டது. நாமும் போய் அதில் கை வைக்க வேண்டாம். சோலை மரக்கன்றுகள் வளர்க்கும் நர்சரிகள் மலையில் இருக்கின்றன, விதையிலிருந்து வளர்த்த கன்று கிடைக்குமா என்று அங்கே கேளுங்கள். உங்கள் நிலம் சோலையையோ புல்வெளியையோ ஒட்டி இருந்தால் சீகையை வெட்டி எடுத்த வெயில்படும் சரிவில் இடைவெளி விட்டு நாலைந்து கன்று வையுங்கள். முதல் இரண்டு கோடையில் மட்டும் தண்ணீர் காட்டினால் போதும், அதற்குப் பிறகு உறைபனிக்குக்கூட மூட வேண்டியதில்லை.