ரேஷன் புழுங்கல் அரிசியும் பருப்பும்: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் 2011 ஜூன் முதல் அரிசிக்குக் காசு வாங்குவதில்லை. இலவசம் என்பதாலேயே அதன் தரத்தைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. அங்கே கிடைக்கும் குண்டுப் புழுங்கல் அரிசி இருக்க, கடையில் இட்லி அரிசி என்று தனியாகக் காசு கொடுத்து வாங்கத் தேவையே இல்லை.

பலரும் குறை சொல்வது வாடையைத்தான். நெல்லை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து அவிக்கும்போது ஏறுகிற வாடை அது. அரிசி கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. ஒரு கைப்பிடி கல் உப்புப் போட்டுப் பிசறி, தண்ணீர் தெளியும்வரை ஐந்தாறு முறை களைந்து, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் பெரும்பாலும் போய்விடும். களையும்போது வெள்ளை வெளேரென்று சில மணிகள் மேலே வந்தால் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறியாதீர்கள். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து வார்த்த செறிவூட்டிய மணிகள் அவை. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் கலக்கப்பட்டவை.

இட்லிக்கு நான்கு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் தோல் நீக்கிய முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். உளுந்து பழசாக இருந்தால் கால் டம்ளர் கூட்டிக்கொள்ளுங்கள். அரிசி ஐந்தாறு மணி நேரம் ஊறட்டும். மணி தடிமனாக இருப்பதால் அவசரப்பட்டு அரைத்தால் நடுவில் வேகாத குருணை நிற்கும். உளுந்துக்கு ஒரு மணி நேரம் போதும். அதிகம் ஊறினால் மாவு காணாது. கிரைண்டரில் முதலில் உளுந்தைப் போட்டு, குளிர்ந்த நீரைத் தெளித்துத் தெளித்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். அரிசியை நைஸாக அரைக்கக் கூடாது. விரலில் தேய்த்தால் மெல்லிய ரவைபோல நெருட வேண்டும். நைஸாகிவிட்டால் இட்லி பிசுபிசுக்கும். தண்ணீர் கூடினால் தட்டையாகும், உளுந்து குறைந்தால் கல்லாகும். உப்புப் போட்டுக் கையால் கலக்கி எட்டு முதல் பத்து மணி நேரம் புளிக்கவிடுங்கள். சுமார் 50 இட்லி வரும். கைக்காசு போவது உளுந்துக்கும் வெந்தயத்துக்கும்தான்.

சோற்றுக்கு? குழம்புக்கு இது நடுத்தரம்தான். ரசத்துக்கு இன்னும் சுமார். குக்கரில் வைத்தால் வாடை உள்ளேயே நின்றுவிடும், வடித்துவிடுவதே நல்லது. ஆனால் பழைய சோற்றுக்கு மெல்லிய சன்ன அரிசியைவிட இதுவே சிறப்பு. இரவு முழுக்கத் தண்ணீரில் கிடந்தாலும் மணி கரையாது.

ரேஷன் பச்சரிசியைச் சோறாக்குவதைவிட மாவாக்குவது நல்லது. அரை மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, பிடித்தால் பிடிபடும் ஈரத்தில் மில்லில் கொடுத்தால் புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் ஆகும். வறுத்து ஆறவைத்துச் சலித்தால்தான் நாள்பட நிற்கும். ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

பருப்பு கிலோ 30 ரூபாய். வாங்கும்போது என்ன பருப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில சமயம் துவரைக்குப் பதில் கனடா மஞ்சள் பருப்பு வரும். துவரை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறிய பிறகும் நான்கைந்து விசில் கேட்கும். மஞ்சள் பருப்பு இரண்டே விசிலில் குழைந்துவிடும். இரண்டையும் சேர்த்து வேகவைத்தால் ஒன்று கரைந்து, மற்றது நறுக்கென்று நிற்கும். மஞ்சள் பருப்பைக் கடையலுக்கு வைத்துக்கொண்டு, சாம்பாருக்குத் துவரையைத் தனியாக வேகவையுங்கள். எந்தப் பருப்பானாலும் வெந்த பிறகே புளியும் தக்காளியும். புளிப்பு முன்னதாகச் சேர்ந்தால் பருப்பு லேசில் மசியாது.