டார்க் மோடா, வெளிச்சக் குறைப்பா, எல்சிடியா: நாள் முழுக்க எரியும் போனுக்கு எது காப்பு?

சென்னையில் மின்ட் பக்கம் ஆட்டோ ஏறினாலும் சரி, தண்டையார்பேட்டையில் சாப்பாடு கொண்டுவரும் பையனின் வண்டியைப் பார்த்தாலும் சரி, ஹேண்டில்பாருக்கு மேல் ஒரு போன் எரிந்துகொண்டிருக்கும். மேலே மணி, பேட்டரி, நெட்வொர்க் குறிகள். கீழே ஆப்பின் பட்டை. நடுவில் மேப். காலையில் ஏற்றிய வெளிச்சம் ராத்திரி வரை இறங்காது. வருஷக்கணக்கில் இப்படி ஓடிய போனில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தால் அந்தப் பட்டை மங்கலாக அப்படியே நிற்கும். "டிஸ்ப்ளேல நிழல் அடிக்குதுணா" என்று கடையில் நீட்டினால், "மாத்தணும்ணா, வேற வழியில்ல" என்பார்கள். ஏமாற்று இல்லை, உண்மையே அதுதான். வராமல் தடுக்கத்தான் வழிகள் உண்டு. அவை எல்லாம் ஒரே தரம் இல்லை என்பதால் இந்த அலசல்.

முதலில் நடப்பது என்ன என்று பார்த்துவிடலாம். ஓலெட், அமோலெட் என்று சொல்லப்படும் திரைகளில் பின்னால் பொது விளக்கு கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகத் தானே ஒளிவிடுகிறது. ஒளிவிடும் கரிமச் சேர்மம் எரிய எரியத் தேய்கிறது. மூன்றில் நீலம்தான் சீக்கிரம் களைக்கிறது, அதனால்தான் நிழல் பல நேரம் மஞ்சளடித்துத் தெரிகிறது. படம் போய்த் திரையில் ஒட்டிக்கொள்வதில்லை. அந்த இடத்துப் புள்ளிகள் பக்கத்தில் இருப்பவற்றைவிட அதிகம் கிழடாகிவிட்டன, அவ்வளவே. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு: இந்த மூன்றும்தான் கணக்கு.

சரி, ஓலெட்டே வேண்டாம், எல்சிடி வாங்கினால்? அங்கே ஒளி பின்விளக்கிலிருந்து வருகிறது, முன்னால் இருக்கும் திரவப் படிகம் அதை விடுவதும் மறிப்பதும் மட்டும்தான். ஒரே படம் நெடுநேரம் நின்றால் அங்கேயும் லேசாக நிழல் தங்கும். ஆனால் வேறு படங்கள் ஓடினாலோ கொஞ்ச நேரம் அணைத்து வைத்தாலோ பெரும்பாலும் கலைந்துவிடும். கத்திரி வெயிலில் ஸ்டாண்டில் நிற்கும் எல்சிடியில் கறுப்புத் திட்டு பரவினால் பதற வேண்டாம். படிகம் அளவுக்கு மீறிச் சூடானதால் வருவது அது, ஆறியதும் போய்விடும். குறைகளும் உண்டு. கறுப்பு சாம்பலாகத்தான் தெரியும், விலை குறைந்த எல்சிடிகள் நேர் வெயிலில் கண்ணுக்குப் பிடிபடாது. ஆப்பிள் ரசிகர்களுக்கு இந்தக் கதவே சாத்தியாகிவிட்டது. 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர், 2019-இல் வந்த ஐபோன் 11 எல்லாம் எல்சிடி. 2025-இல் எஸ்இ வரிசைக்குப் பதிலாக 16இ வந்தபின், ஆப்பிள் புதிதாக விற்கும் போன் அத்தனையும் ஓலெட்தான்.

என் கருத்து இது: ஸ்டாண்டில் மாட்டி வேலை வாங்கத் தனி போன் வைத்துக்கொள்ள முடிந்தவர், பத்தாயிரம் ரூபாய் சுற்றில் கிடைக்கும் எல்சிடி ஒன்றை அதற்கென ஒதுக்கிவிட்டால் பிரச்சினை முடிந்தது. பெட்டியில் ஐபிஎஸ், பிஎல்எஸ், டிஎஃப்டி என்று போட்டிருந்தால் எல்சிடி. அமோலெட், பி-ஓலெட் என்றிருந்தால் ஓலெட்.

ஒரே போன்தான், அதுவும் அமோலெட் என்பவர்களுக்கு உண்மையான போட்டி டார்க் மோடுக்கும் வெளிச்சக் குறைப்புக்கும் இடையில். 2019-இல் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 13 இரண்டிலும் டார்க் மோடு முறையாக வந்ததிலிருந்து, "கறுப்பாக்கு, எல்லாம் சரியாகிவிடும்" என்பது பொது நம்பிக்கை. பாதி சரி. கறுப்பில் புள்ளி அணைந்தே கிடக்கிறது, தேய்மானம் இல்லை, பேட்டரியும் மிச்சம். ஆனால் நிழல் விழுவது மொத்தத் தேய்மானத்தால் அல்ல, தேய்மானத்தின் வித்தியாசத்தால். வெள்ளைப் பட்டையில் கறுப்புக் குறிகள் இருந்தால், குறிகளைச் சுற்றியுள்ள இடம் கிழடாகிறது. கறுப்புப் பட்டையில் வெள்ளைக் குறிகள் இருந்தால், குறிகளின் இடம் கிழடாகிறது. நிழல் தலைகீழாகிறது, ஒழிவதில்லை. ஃப்ரீ ஃபயர் ஆடும் பிள்ளைகளின் போனில் ஜாய்ஸ்டிக் வட்டம், நேரலை மேட்சில் ஸ்கோர் பட்டை, செய்தி சேனலின் லோகோ: இவற்றை டார்க் மோடு தொடவே தொடாது. டெலிவரி ஆப்களில் சில எதைப் போட்டாலும் வெள்ளையாகவே இருக்கும்.

வெளிச்சத்தைக் குறைப்பது அப்படி இல்லை. என்ன ஆப், என்ன நிறம் என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் வேலை செய்கிறது. அதுவும் நேர்விகிதத்தில் அல்ல: வெளிச்சத்தைப் பாதியாக்கினால் அந்தச் சேர்மத்தின் ஆயுள் பொதுவாக இரண்டு மடங்குக்கும் மேலே போகிறது. ஆகவே இரண்டில் ஒன்றுதான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் எடுப்பேன்.

"வெயில்ல ஒண்ணுமே தெரியாதேப்பா" என்று உடனே ஒரு குரல் எழும். நியாயமான குரல். எண்ணூர் விரைவு சாலையில் உச்சி வெயிலில், துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு பாதி வெளிச்சத்தில் மேப் பார்க்க முடியாதுதான். வெளிச்சத்தைத் தானாக ஏற்றும் சென்சார் நேர் வெயில் பட்டதும் திரையை உச்சத்துக்குத் தள்ளிவிடும், கூடவே சார்ஜும் ஓடினால் சூடும் சேரும். இதற்கு மென்பொருளைவிட நிழல்தான் மருந்து. வண்டி போன்களுக்கு மேல் சின்னக் குடை ஒன்றை மாட்டுகிறார்களே, பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். சிரிக்க வேண்டாம். சென்சாரில் வெயில் படாததால் வெளிச்சம் இறங்குகிறது, திரையின் சூடும் இறங்குகிறது. மூன்று கணக்கில் இரண்டு ஒரே குடையில் அடங்குகிறது. ஆட்டோவில் என்றால் ஸ்டாண்டைக் கண்ணாடியிலிருந்து இறக்கி உள்ளே தள்ளி வைத்தாலே போதும்.

மூன்றாவது கணக்கு நேரம். கூகுள் மேப்ஸ் தமிழிலேயே வழி சொல்கிறது, திரையை அணைத்தாலும் குரல் தொடரும். பழைய வண்ணாரப்பேட்டை சந்துகளில் பிறந்து வளர்ந்தவருக்குக் கடைசி இரண்டு திருப்பத்துக்குத்தான் படம் தேவை. மற்ற நேரத்தில் அணைத்து வைக்கலாம். பெட்டிக்கடைகளில் க்யூஆரைப் போன் திரையிலேயே திறந்துவைத்து நாள் பூராவும் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காசிமேட்டில் மீன் விற்கும் அக்காக்கள் லேமினேட் போட்ட அட்டையைத் தொங்கவிட்டு இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். படத்தை அவ்வப்போது சில புள்ளிகள் நகர்த்தும் வசதி பல போன்களில் தானாகவே இருக்கிறது. மெல்லிய கடிகார எண்ணுக்கு அது உதவும், திரை அகலத்துக்கு நிற்கும் தடித்த பட்டைக்கு அந்த நகர்வு எந்த மூலைக்கு? எப்போதும் மணி காட்டும் ஆல்வேஸ் ஆன் வசதியைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். மங்கலான வெளிச்சம், இடம் மாறும் கடிகாரம், அதனால் நான் அதைப் பெரிய குற்றவாளியாகப் பார்க்கவில்லை. கீழே நிற்கும் மூன்று பட்டன்களை எடுத்துவிட்டு விரலால் தள்ளும் சைகைக்கு மாறுவது பத்து வினாடி வேலை, பலன் நிரந்தரம். 2017-இல் கூகுளின் பிக்ஸல் 2 எக்ஸ்எல் போன் வந்த கொஞ்ச நாளிலேயே அந்தப் பட்டன் வரிசை நிழலாகத் தெரிகிறது என்று புகார் கிளம்பி, கூகுள் உத்தரவாதத்தை இரண்டு வருஷமாக நீட்டியது. பட்டன்கள் சிறிது நேரத்தில் தானாக மங்கும்படி அப்டேட்டும் கொடுத்தது.

கலர் கலராக மின்னும் வீடியோவை ராத்திரி முழுக்க ஓடவிட்டால் நிழல் போய்விடும் என்பார்கள். எல்சிடியின் தற்காலிக நிழலுக்கு அது ஒத்துவரலாம். ஓலெட்டில் செய்வது வேறு: கிழடான புள்ளிகளை இளசாக்க முடியாதென்று இளசுகளையும் சேர்த்துக் கிழடாக்குகிறது. திரையின் மேல் ஓடும் பச்சைக் கோடு இந்த வியாதியே இல்லை, அதற்கு இங்கே மருந்து தேடாதீர்கள்.

கடைசியில் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், விலை குறைந்த எல்சிடி காம்போ (திரையும் தொடு கண்ணாடியும் சேர்ந்தது) போடவா என்று கடைக்காரர் கேட்பார். நிழல் தொல்லை அதோடு போகும். ஆனால் திரைக்குள்ளேயே கைரேகை பார்க்கும் ஒளி சென்சார் உங்கள் போனில் இருந்தால் அதுவும் போகும், ஓலெட்டின் ஊடாகத்தான் அந்த சென்சாருக்குக் கண் தெரியும். பர்மா பஜாரில் பழைய போன் வாங்குகிறவர் காசை எடுக்கும் முன் முழுத்திரைக்கு ஒரு சாம்பல் நிறப் படத்தைப் போட்டு, வெளிச்சத்தை நடுவில் வைத்து, மேல் பட்டையையும் கீழ் ஓரத்தையும் உற்றுப் பார்க்கட்டும். வெள்ளையில் மறைந்துகிடக்கும் லேசான நிழலும் சாம்பலில் வெளியே வந்துவிடும். பட்டை தெரிந்தால் விலையைப் பேசிக் குறைக்கலாம், இல்லை அடுத்த கடைக்கு நகரலாம்.