சாம்யாங் 135 எம்எம் எஃப்/2: மங்கலான நெபுலா எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு

மதுரைப் பக்கம் வானத்தைப் படம் எடுக்க ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் டெலஸ்கோப்புக்குத்தான் காசு சேர்க்கிறார்கள். விண்வெளி வாயு மேகமான ஓரியன் நெபுலா போதும் என்றால் சரி. யாரும் அதிகம் கை வைக்காத, பெரிய, மங்கலான நெபுலாக்கள் மேல் ஆசை என்றால் முதலில் இந்த லென்ஸை வாங்குங்கள்.

நான் இதை அதிகம் திருப்புவது வேலா சூப்பர்நோவா எச்சத்தின் பக்கம். சுமார் 11,000 வருடங்களுக்கு முன் வெடித்த நட்சத்திரத்தின் மிச்சம், வானத்தில் 8 டிகிரி அகலத்துக்கு நூல் நூலாகப் பரந்து கிடக்கிறது, முழு நிலவைப் பதினாறு தடவை வரிசையாக வைத்தால் வருகிற அகலம் அது. சாதாரண டெலஸ்கோப்பில் அதன் ஒரு மூலைதான் விழும். இந்த லென்ஸில், ஏபிஎஸ்-சி கேமராவில் (முழு ஃபிரேமை விடச் சின்ன சென்சார்) ஏறக்குறைய 9க்கு 6 டிகிரி கிடைக்கிறது, ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் இழைகளில் பெரும்பகுதி ஒரே சட்டகத்தில் வந்துவிடும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இது அடிவானத்தை விட்டுச் சரியாக மேலேயே வராது, நமக்கோ மாசி மாதம் தெற்கே 35 டிகிரி உயரத்தில் நிற்கிறது. பேரையூர்ப் பக்கம் போனால் மதுரை வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும், சிவகாசிப் பக்கத்து வெளுப்பும் அந்த உயரத்துக்கு அவ்வளவாக ஏறுவதில்லை.

அடுத்தது வேகம், எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிதாகி வெளிச்சம் அதிகம் வரும். கையில் இருக்கிற 70-300 லென்ஸ் எஃப்/5.6 என்றால், அதில் எட்டு மணி நேரம் சேர்க்கிற வெளிச்சத்தை இது எஃப்/2-வில் ஒரு மணி நேரத்தில் சேர்த்துவிடும். நான் திறப்பை எஃப்/2.8-க்குக் குறைத்துத்தான் எடுக்கிறேன், மூலை நட்சத்திரங்கள் இன்னும் கச்சிதமாக வருகின்றன, அந்த நேர இழப்பு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வானத்தின் நகர்வோடு கேமராவைத் திருப்பும் டிராக்கரை வட துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும், அது நம் ஊரில் பத்து டிகிரி உயரம்தான், நடுவில் ஒரு தென்னந்தோப்பு இருந்தால் போச்சு, துல்லியமாக நிறுத்த முடியாது. 135 எம்எம்மில் சின்னப் பிசகுகள் படத்தில் தெரியாமல் போவதும் பெரிய வசதி.

ஆட்டோஃபோகஸ் கிடையாது. அகத்திய நட்சத்திரத்தை லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, பாஹ்டினோவ் மாஸ்க் (நட்சத்திரத்தின் மேல் மூன்று ஒளிக்கோடுகளைக் காட்டும் கீற்றுத் தட்டு) போட்டு, நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் சரிபாதியில் வரும்வரை வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும், அப்புறம் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ராத்திரி ஏறக் குளிர் கூடும்போது ஃபோகஸ் நகரும், நடுவில் ஒரு தடவை மறுபடி பாருங்கள். முன்கண்ணாடி பெரிது, தை மாதப் பனியில் சீக்கிரம் மூடிக்கொள்ளும், பவர் பேங்கில் ஓடும் ஹீட்டர் பட்டை இல்லாமல் போகாதீர்கள்.

லென்ஸை மட்டும் வாங்கினால் நெபுலாவின் சிவப்பு வராது. சாதாரண கேமராவின் சென்சார் முன்னால் இருக்கிற ஃபில்டர் ஹைட்ரஜன் வீசும் 656 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், அந்த ஃபில்டரை எடுத்துவிட்ட கேமரா வேண்டும்.

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. கையால் ஃபோகஸ் செய்கிற லென்ஸ் கல்யாண வீட்டு வேலைக்குத் தோதுப்படாது, அதனால் போட்டோகிராபர்கள் விற்கும்போது நல்ல நிலையில் கிடைக்கும். காசு கொடுப்பதற்கு முன் மொட்டைமாடியில் முக்காலி வைத்து எஃப்/2-வில் ஒரு நொடி எக்ஸ்போஷர் எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள், ஒரு மூலையில் மட்டும் நட்சத்திரங்கள் இழுத்துக்கொண்டிருந்தால் அந்த லென்ஸை விட்டுவிடுங்கள்.